கை குவிக்கும் இடங்கள்

அந்த மழைக்காலத்தில் மைசூரில் ஒன்பதாம் வகுப்பில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்களே, நமக்கெல்லாம் இப்போது படியேறினால் முழங்கால் முனகுகிற வயது. யாருக்கு எது மறந்துவிட்டது, எது நிற்கிறது என்று சொல்ல முடியவில்லை. ஆனால் வகுப்பறையின் சிவப்புத் தரையில் ஓர் ஊரையே காகிதத்தில் விரித்து வைத்திருந்தோமே, அது உங்களில் ஒருவருக்காவது நினைவிருக்கும் என்று நம்புகிறேன். இல்லையென்றால் நான் கனவு கண்டதாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பருவம் முழுவதுமே எனக்கு அப்படித்தான் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே ஓயாத சோனை. மலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை. ஈரமான ஜடைகளின் வாசனை. எங்கோ ஊதுவத்தி உருட்டும் வீடுகளிலிருந்து காற்றோடு வந்து போகும் இனிப்பு நெடி.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பில் நம்மை இரண்டாகப் பிரிப்பார்கள். கிறிஸ்தவப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் ஞானோபதேசத்துக்கு மாடிக்குப் போவோம். மற்றவர்கள் கீழேயே இருந்து நீதிபோதனை படிப்பார்கள். மாடியில் எங்களுக்கு ஏதோ தின்னக் கொடுக்கிறார்கள் என்று கீழே ஒரு வதந்தி இருந்தது. கீழே கதை மட்டுமே சொல்கிறார்கள், மனப்பாடம் கிடையாது என்று மாடியில் எங்களுக்குப் பொறாமை. இரண்டும் உண்மையில்லை.

ஜூலையில் ஞானோபதேச சிஸ்டர் கிணற்றடிப் பாசியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். கால் கூடும்வரை இரண்டு கூட்டத்தையும் சேர்த்து உட்கார வைக்கச் சொல்லிவிட்டார் தலைமை சிஸ்டர். எடுக்க வேண்டியவர் பூகோள மிஸ். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத, பேசும்போது சாக்குக்கட்டியைத் துண்டு துண்டாக ஒடிக்கிற மிஸ். அவர் பேசியதெல்லாம் கன்னடமும் ஆங்கிலமும்தான். எனக்கு இப்போது ஏனோ எல்லாம் தமிழாகவே காதில் விழுகிறது.

முதல் வியாழன் நம் எல்லோரையும் பார்த்துக்கொண்டே சாக்குக்கட்டியை இரண்டாக ஒடித்தார். பிறகு சொன்னார்: "எனக்கு மதம் சொல்லித்தரத் தெரியாது. வரைபடம் போடச் சொல்லித்தரத் தெரியும். அதையே செய்வோம்."

ஆளுக்கு ஒரு சதுரக் காகிதம். நம் வீடு, அதைச் சுற்றியுள்ள தெருக்கள், பள்ளிக்கு வரும் வழி. அதில் நம் வீட்டார் எங்கெல்லாம் கை குவிக்கிறார்களோ, தலை குனிகிறார்களோ அங்கெல்லாம் ஒரு சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும். கோயில், மசூதி, சர்ச் என்றில்லை. பாலை ஊற்றிவிட்டு நின்று கும்பிடும் பாம்புப் புற்றாகவும் இருக்கலாம், கடையைத் திறக்கும்போது தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் படிக்கட்டாகவும் இருக்கலாம்.

மூன்று வாரத்தில் அந்தச் சதுரங்களைப் பசை போட்டு ஒட்டினோம். தெருவோடு தெரு சேர்ந்தது. என் வீட்டுச் சந்து இன்னொருத்தியின் சதுரத்துக்குள் போய் அவள் வீட்டு வாசலில் முடிந்ததைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு, அந்த ஊருக்குள் வெறுங்காலோடு நடந்தோம். சிவப்புப் புள்ளிகள் மார்க்கெட் பக்கம் அம்மை போட்ட மாதிரி நெருங்கியும், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் விலகியும் கிடந்தன. ஊதுவத்திக் கடைக்காரர் மகள் ஒருத்தி இருந்தாளே, அவள் நடுவில் நின்று, "இது எல்லாத்துக்கும் எங்க கடையில இருந்துதான் கட்டு போகுது" என்றாள். பூகோள மிஸ் சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

அடுத்த வேலை, ஜோடி. உன் ஜோடியின் படத்தில் உள்ள ஒரு புள்ளிக்கு, இரண்டு வீட்டிலும் கேட்டுக்கொண்டு, நீ போய் வர வேண்டும். கண்டதை மட்டும் எழுத வேண்டும். "நல்லது கெட்டது எழுதாதே. சரி தப்பு எழுதாதே. கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, அவ்வளவுதான்" என்றார் மிஸ். ஒருத்தி தர்காவில் மயில்தோகைக் கட்டால் தலையில் தட்டியதை எழுதினாள். ஒருத்தி எங்கள் சர்ச்சுக்கு வந்து, முழங்கால் போடும் பலகையில் இருந்த குழிகளை எண்ணி எழுதினாள்.

எனக்கு ஜோடியாக வந்தவள் கடைசி பெஞ்ச்காரி. உங்களுக்கு அவளை அவ்வளவாகத் தெரிந்திருக்காது. அவளும் நானும் மட்டும் தண்ணீர்க் குழாயடியில் தமிழில் பேசிக்கொள்வோம். என் தமிழில் பாதி கன்னடம். அவள் தமிழ் ஹனூர்ப் பக்கத்துத் தமிழ். அவளுடைய அப்பா பட்டு நெசவு ஆலை வேலைக்காக மைசூருக்கு வந்தவர். அம்மா நான்கு வருடத்துக்கு முன்பு இறந்துவிட்டாள். வீட்டில் அப்பாவும் மகளும்தான்.

அவள் சதுரத்தில் ஒரு வீடு இருந்தது. தெருக்கள் அழகாக, ஸ்கேல் வைத்து. புள்ளி ஒன்றுகூட இல்லை.

தலைமை சிஸ்டர் ஒரு வியாழக்கிழமை கதவைத் திறந்துகொண்டு வந்தார். காகித ஊரின் விளிம்பில் ஷூவோடு நின்றுவிட்டார், மிதிக்கவில்லை. கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். முகத்தில் பிடித்திருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. பிறகு விரலை நீட்டினார்.

"இது யாருடையது? ஏன் ஒன்றுமில்லை?"

அவள் எழுந்து நின்றாள். "எங்க அப்பா எங்கயும் கும்பிடறதில்லை, சிஸ்டர்."

"நீ?"

"அப்பாகூடத்தான் இருக்கேன், சிஸ்டர்."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவள் வேண்டுமென்றே வரவழைத்ததாக சிஸ்டர் எடுத்துக்கொண்டார். திமிர் என்றார். அடுத்த வியாழனுக்குள் படத்தை ஒழுங்காக முடித்துக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் அப்பாவை அழைத்துவர வேண்டும், அதுவரை இந்த வகுப்பில் அவள் வராந்தாவில் நிற்கட்டும் என்றார். பூகோள மிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கையிலிருந்த சாக்குக்கட்டி ஒடிந்த சத்தம்தான் கேட்டது.

குழாயடியில் அவளிடம், "சும்னே ஒரு புள்ளி வெச்சுடு. யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

"எனக்குத் தெரியுமில்ல" என்றாள். "அப்பா கோவிச்சுக்க மாட்டாரு. ஆனா பள்ளிக்கூடத்துக்கும் வரமாட்டாரு. நீ வேணா எங்க வீட்டுக்கு வா. உனக்கும் எழுத ஒண்ணு வேணுமில்ல."

என் அம்மாவிடம் கேட்டேன். அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் நர்ஸ். பூசை தவறாதவள், வார்டுக்குக் கிளம்பும்முன் மாதா படத்தின் கீழ் நின்று, அன்று தன் கையில் வரப்போகிறவர்களுக்காக ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்வாள். அவளுக்கு என் ஜோடியின் அப்பாவைப் பற்றி யாரோ சொல்லியிருந்தார்கள்: பெண்டாட்டி செத்த பிறகு வீட்டிலிருந்த சாமி படத்தையெல்லாம் கழற்றிக் கொடுத்துவிட்டவர், குடிப்பார் போலிருக்கிறது என்று.

"அந்த வீடெல்லாம் வேண்டாம், பாப்பா. மிஸ்கிட்டச் சொல்லி வேற ஜோடி கேளு."

நான் கேட்கவில்லை. சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும் அவளோடு போனேன்.

ஒரே முற்றத்தைச் சுற்றி எட்டு வீடுகள். அவர்களுடையது கடைசி. அவளுடைய அப்பா அடுப்புக் கரியைப் போட்ட இஸ்திரிப்பெட்டியால் மகளின் ஈரச் சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். துணியிலிருந்து எழுந்த ஆவியில் அவர் முகம் மறைந்து மறைந்து தெரிந்தது. குடியின் வாசனை எதுவும் இல்லை. ஈரத்துணி சூடாகும் மணம்தான். சுவரில் மூன்று ஆணிகள், அவற்றின் கீழே மூன்று வெளிறிய சதுரங்கள். அவித்த நிலக்கடலையை ஒரு தட்டில் போட்டு என் முன்னால் வைத்தார். நான் மடியில் நோட்டை விரித்துக்கொண்டேன். எனக்குப் பதினான்கு வயது. தபால்காரரைப் போல அலுவலாக வந்திருக்கிறேன் என்ற நினைப்பு.

"உங்க வீட்ல எங்கே கும்பிடுவீங்க, அங்கிள்?"

அவர் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"கும்பிட்டதெல்லாம் உண்டு, அம்மணி. இவ அம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்ப நான் போவாத எடம் இல்லை. கொள்ளேகாலத்துல பஸ்ஸு பிடிச்சு மாதேஸ்வரன் மலைக்குப் போயி மொட்டை போட்டேன். பக்கத்துக் கட்டில்காரம்மாவோட வீட்டுக்கார பாய் சொன்னாருன்னு தர்காவுக்குப் போயி நின்னேன். உங்க மாதா கோயில்ல ஒம்பது நாளும் மெழுகுவத்தி வெச்சேன். அவ நிக்கலை. போயிட்டா. சரி, நடக்கறதுதான்."

அவள் அடுப்புப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

"அதுக்கப்பறம்தான் வந்தாங்க. ஊர்க்காரங்க வந்து, மாதேஸ்வரனுக்கு நேந்துட்டு நீ எதுக்கு மத்த எடத்துக்குப் போனே, அதான் சாமி கோவிச்சுக்கிச்சுன்னாங்க. பாயும் வருத்தமாத்தான் சொன்னாரு, முழு மனசா வந்திருக்கோணும்னு. ஆஸ்பத்திரில ஒரு நர்ஸம்மா, 'எல்லாப் பக்கமும் ஓடினீங்களே, ஒரே இடத்துல நம்பிக்கையை இறக்கி வெச்சிருந்தா கைவிட்டிருக்காது'ன்னு சொன்னாங்க. யாரும் கெட்ட எண்ணத்துல சொல்லலை. ஆனா மூணு பேரு சொன்னதையும் கூட்டிப் பாத்தா என்ன ஆவுது? நானே அவளைக் கொன்னுபோட்டேன்னு ஆவுது."

அவர் இஸ்திரிப்பெட்டிக்குள் இருந்த கரியை ஒரு தடவை ஊதிவிட்டுத் தொடர்ந்தார்.

"சாமி மேல எனக்கு ஒரு கோவமும் இல்லை, அம்மணி. எந்தச் சாமியும் எங்கிட்ட வந்து அப்படிச் சொல்லலை. ஆனா இனி ஒரு எடத்துல போயி நின்னேன்னா, அவங்க சொன்னது நெசம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. அதனால எங்கயும் போறதில்லை. இதை எப்படி உங்க படத்துல போடறதுன்னு எனக்குத் தெரியலை."

அவர் மகள் அன்றுதான் இதை முதல் தடவையாகக் கேட்டாள் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. வந்து அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் இஸ்திரிப்பெட்டியை எடுத்துப் பாவாடையின் மடிப்புகளைத் திரும்பவும் ஒவ்வொன்றாகத் தேய்க்க ஆரம்பித்தார்.

எனக்கு அந்த நர்ஸம்மாவின் பேச்சு மட்டும் காதிலேயே நின்றது. நம்பிக்கையை இறக்கி வைப்பது என்கிற பேச்சை நான் ஒரே ஒருவர் வாயில்தான் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு யார் கஷ்டம் என்று வந்தாலும், காப்பி ஆற்றிக்கொண்டே அம்மா சொல்வது அது.

அன்று மாலை அம்மா பின்வாசலில் உட்கார்ந்து தன் கேன்வாஸ் ஷூவுக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தாள். போகாதே என்ற வீட்டுக்குப் போய்வந்தேன் என்று சொன்னதும் நிமிர்ந்தாள். திட்ட ஆரம்பிப்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்த நர்ஸ் சொன்ன வாசகத்தையும் அவர் சொன்னபடியே சொன்னேன்.

அம்மாவின் கையில் இருந்த பஞ்சு ஷூவின் மேலேயே நின்றுவிட்டது.

"எந்த ஊர்க்காரங்க?"

"ஹனூர்ப் பக்கம்."

"எப்போ?"

"நாலு வருஷம்."

வெகுநேரம் யோசித்தாள். யார் முகமும் அவளுக்கு வரவில்லை. கடைசியில் மெல்லச் சொன்னாள்: "நானாத்தான் இருக்கும். நினைவு வரலை. எத்தனை பேருக்கு அப்படிச் சொல்லியிருக்கேனோ."

நான் தவறு செய்து அகப்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்; பெரியவர்களைப் பார்த்ததில்லை. அம்மா அந்த ஒரு ஷூவுக்கு மட்டும் வெள்ளை பூசி முடித்துவிட்டு, மற்றதை மறந்து உள்ளே போய்விட்டாள்.

வியாழன் வந்தது. தலைமை சிஸ்டர் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் வராந்தாவில் நின்றாள். மிஸ் என்னைப் படிக்கச் சொன்னார். கண்டதும் கேட்டதும் மட்டும் எழுதியிருந்தேன்: மூன்று ஆணி, மூன்று சதுரம், இஸ்திரி ஆவி, கடலை, அவர் சொன்னவை. நர்ஸ் சொன்னதையும் விடவில்லை. அந்த நர்ஸ் யார் என்று மட்டும் எழுதவில்லை. படிக்கும்போது என் குரல் எனக்கே தூரத்திலிருந்து வந்தது. முடித்ததும் நீங்கள் யாரும் சிரிக்கவில்லை. அதற்காக உங்களுக்கு இன்றுவரை நான் நன்றி சொன்னதில்லை.

தலைமை சிஸ்டர் எழுந்து வராந்தாவுக்குப் போனார். அவளிடம் என்ன சொன்னார் என்று நமக்குக் கேட்கவில்லை. நான் அந்த வயதில் அவரைக் கல்மனசுக்காரி என்று முடிவுகட்டியிருந்தேன். அவர் சொன்னது, "உன் படம் சரியாகத்தான் இருக்கிறது. உன் அப்பா வர வேண்டாம், உள்ளே போ" என்பதாம். போன மாதம் அவளே போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இத்தனை வருடம் ஒரு மனுஷியைத் தப்பாக நினைத்திருக்கிறேன்.

இருந்தாலும் அந்த வகுப்பு நிலைக்கவில்லை. என் பெண்ணைத் தர்காவுக்கு அனுப்ப நீங்கள் யார் என்று ஒரு வீட்டிலிருந்தும், சர்ச்சுக்கு எதற்கு அனுப்பினீர்கள் என்று இன்னொரு வீட்டிலிருந்தும் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். வந்தவர்களில் எங்கள் சர்ச்காரர் ஒருவரும் உண்டு. ஞானோபதேச சிஸ்டரின் கால் கூடியது. நாங்கள் பன்னிரண்டு பேரும் மாடிக்குத் திரும்பினோம். காகித ஊரைச் சுருட்டி பூகோள அறையின் அலமாரி மேல் வைத்ததை நான் பார்த்தேன். மறு வருடம் மிஸ்ஸும் இல்லை, அதுவும் இல்லை. பார்க்கச் சொல்வதில் என்ன ஆபத்து இருக்கிறது என்று பாவம் அவர் நினைத்திருக்க வேண்டும்.

இனி சொல்லப்போவது உங்களுக்குத் தெரியாது. என் ஜோடியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் படித்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்ததும், அம்மா வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. "வழி காட்டு" என்றாள். ஒரே குடையில் இருவரும் நடந்தோம். தெருவில் ஆளில்லை. புங்கமரங்களுக்குக் கீழே மழை நின்ற பிறகும் தனியாக ஒரு மழை பெய்துகொண்டிருந்தது. வழியெல்லாம் அம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஜெபமா, சொல்லப்போவதை ஒத்திகை பார்த்தாளா, தெரியவில்லை.

என் ஜோடியின் அப்பா எங்களைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "வாங்க, உள்ளார வாங்க. அம்மணியோட அம்மாங்களா?"

அம்மா வாசலிலேயே நின்றாள். "நான் பெரிய ஆஸ்பத்திரில பெண்கள் வார்டு நர்ஸ். நாலு வருஷம் முந்தி உங்ககிட்ட அப்படிச் சொன்னது நான்தான்னு நினைக்கறேன்."

அவர் அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாத விஷயத்தைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். எனக்குத் தெரிஞ்சதை உங்ககிட்டச் சொல்லாம விட்டுட்டேன். பழைய வார்டு நோட்டெல்லாம் எடுத்துப் பார்த்தேன். அவங்களை எங்ககிட்டக் கொண்டுவந்தப்பவே ரத்தத்துல நோய் முத்திப் போயிருந்தது. நீங்க எங்கே போயிருந்தாலும், எங்கேயும் போகாம இருந்திருந்தாலும், அதேதான் நடந்திருக்கும். உங்க கையில ஒண்ணுமே இல்லை. இதை அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும்."

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார். துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்குவதைப் பார்த்து மகள் ஓடிவந்தாள். நான் குடையை மடக்குவதும் விரிப்பதுமாக நின்றேன். அம்மா, வார்டில் செய்கிற மாதிரியே, புடவை நனைவதைப் பார்க்காமல் அவர் எதிரில் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காத்திருந்தாள்.

கொஞ்சம் ஆறியதும் அவர் கேட்டார். "கடேசி நாளு காலைல அவளுக்குத் தலை சிக்கெடுத்து வாரி விட்டது நீங்கதானுங்களே?"

அம்மா யோசித்தாள். "இருக்கலாம். எல்லாருக்கும் செய்யறதுதான்."

"ரெண்டு மாசமா அவளுக்குத் தலை வாரலைங்க. வாரினதும் கண்ணாடி கேட்டா. பாத்துட்டுச் சிரிச்சா. நான் வெளிய மருந்து வாங்கப் போயிருந்தேன். பாய் வீட்டம்மாதான் சொன்னாங்க." திரும்பி மகளிடம், "கேட்டுக்க, கண்ணு. உங்கம்மா சிரிச்சாளாம்" என்றார். நான்கு வருடமாக அவரிடம் இருந்தது, அந்தப் பிள்ளையிடம் அதுவரை சொல்ல முடியாமலே இருந்தது.

அவர் அதற்குப் பிறகு எங்கேயாவது போய்க் கும்பிட்டாரா என்று கேட்கிறீர்களா? எனக்குத் தெரியாது. அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அம்மா அதற்குப் பிறகும் பல வருடம் அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். வீட்டில் இதைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசியதில்லை. அவள் அடக்கத்தன்று அந்த வார்டில் ஆயாவாக இருந்த வயதான அம்மாள் ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நோயாளியின் வீட்டார் யாராவது வராந்தாவில் வழிமறித்து, எங்கே வேண்டிக்கொண்டால் நல்லது சிஸ்டர் என்று கேட்டால், அம்மா அவர்களைப் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார வைப்பாளாம். பிறகு, "நீங்க சாப்பிட்டு எத்தனை நேரமாச்சு?" என்று கேட்பாளாம்.